வடிகட்டுவது கிட்னிக்குச் சின்ன வேலை

அம்மாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்ததிலிருந்து, விசாரிக்க வருகிறவர்கள் ஏதாவது ஒரு கட்டத்தில் கேட்டுவிடுகிற கேள்வி இது: "அதான் மெஷின் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிடுதே, அப்புறம் எதுக்கு இவ்வளவு மாத்திரை, ஊசி? தண்ணிகூட அளந்துதான் குடிக்கணுமா?" நியாயமான கேள்விதான். சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் உறுப்பு என்று ஒரே வரியில் படித்து, படம் வரைந்து பாகம் குறித்து மதிப்பெண் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் நாம். வடிகட்டி கெட்டால் வெளியே இன்னொரு வடிகட்டி வைத்தால் போதும் என்றுதானே தோன்றும். போதவில்லை. ஏன் போதவில்லை என்று தேடிப் படிக்கப் போய்த்தான் இந்த உறுப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். வீட்டில் யாருக்காவது சர்க்கரையோ பிரஷரோ இருந்தால் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

முதலில் அளவுகள். முதுகெலும்பின் இரு பக்கமும், கடைசி விலா எலும்புகளை ஒட்டி உள்ளே, பக்கத்துக்கு ஒன்று. 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம், 150 கிராம் பக்கம் எடை. மேலே கல்லீரல் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் வலதுபக்கச் சிறுநீரகம் சற்று இறங்கி இருக்கும். இரண்டையும் சேர்த்தால் உடல் எடையில் அரை சதவீதம் அளவுதான். ஆனால் இதயம் வெளியே தள்ளுகிற ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் இந்த இரண்டுக்கும்தான் போகிறது, நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல். தன் உயிர்வாழ்வுக்காக மட்டும் அதற்கு இவ்வளவு ரத்தம் தேவையில்லை. வேலை பார்ப்பதற்காக வாங்கிக்கொள்கிறது.

ஒவ்வொரு சிறுநீரகத்துக்குள்ளும் சராசரியாகப் பத்து லட்சம் நெஃப்ரான்கள். ஒரு நெஃப்ரான் என்பது ஒரு நுண்ணிய ரத்தநாளக் கொத்து, அதைத் தொடர்ந்து வளைந்து நெளிந்து போகிற ஒரு மெல்லிய குழாய், அவ்வளவுதான். ரத்தம் அந்தக் கொத்துக்குள் அழுத்தத்தோடு வரும்போது ரத்த அணுக்களும் ஆல்புமின் மாதிரியான பெரிய புரதங்களும் உள்ளேயே நின்றுவிடும். தண்ணீர், உப்பு, சர்க்கரை, அமினோ அமிலம், யூரியா, கிரியாட்டினின் போன்ற கழிவுகள் என்று சின்னதாக இருப்பதெல்லாம் குழாய்க்குள் இறங்கிவிடும். இதுதான் நாம் எல்லோருக்கும் தெரிந்த அந்த வடிகட்டல். நிமிடத்துக்கு 125 மில்லி வீதம், ஒரு நாளைக்கு 180 லிட்டர். நம் ரத்தத்தில் அணுக்களை நீக்கிவிட்டுப் பார்த்தால் நீர்ப்பகுதி மொத்தமே 3 லிட்டர்தான். அப்படியென்றால் அந்த 3 லிட்டரும் ஒரு நாளில் அறுபது முறை வெளியே போய் வருகிறது.

180 லிட்டர் வடிந்தாலும் நாம் ஒரு நாளைக்குப் போகிற சிறுநீர் ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு லிட்டர். மீதி முழுவதும் திரும்ப ரத்தத்துக்கே போகிறது. அந்தத் திரும்ப எடுக்கிற வேலைதான் சிறுநீரகத்தின் நிஜமான வேலை, அதன் உழைப்பில் பெரும்பங்கு அதற்குத்தான் செலவாகிறது. போகிக்கு முதல் நாள் வீட்டில் இருக்கிற அத்தனையையும் தெருவில் எடுத்துப் போட்டுவிட்டு, வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைப்போமே, அதை ஒரு நாளைக்கு அறுபது தடவை செய்கிறது. 180 லிட்டரோடு சேர்ந்து வெளியே வருகிற உப்பு மட்டும் ஒன்றரை கிலோ இருக்கும். சர்க்கரை 180 கிராம். உப்பில் சில கிராம் போக மற்றதெல்லாம் உள்ளே எடுக்கப்படுகிறது, நல்ல ஆரோக்கியத்தில் சர்க்கரை ஒரு துளிகூட விடப்படுவதில்லை என்றே சொல்லலாம்.

எதற்கு இப்படி எல்லாவற்றையும் கொட்டிவிட்டு அள்ள வேண்டும், வேண்டாததை மட்டும் பொறுக்கி வெளியே போட்டால் என்ன என்று எனக்கும் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. வேண்டாதவற்றின் பட்டியல் முடிவில்லாதது. நாளைக்கு ஒரு புது மருந்து சாப்பிடுகிறோம், உடல் இதுவரை பார்த்தே இராத ஏதோ ஒரு இலைச் சாறு உள்ளே போகிறது; அது என்னவென்று சிறுநீரகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. தனக்கு வேண்டியவை எவை என்று அதற்குத் தெரியும், அந்தப் பட்டியல் சின்னது. அதில் இல்லாத சிறு மூலக்கூறுகளில் பெரும்பாலானவை தானாகவே வெளியே போய்விடும்.

இதற்கு மேல், குழாயின் செல்கள் சில பொருள்களைத் தேடிப் பிடித்து வெளியே தள்ளவும் செய்யும். பெனிசிலின் அதில் ஒன்று. 1941-ல் ஆக்ஸ்ஃபோர்டில் முதன்முதலாக அதை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது மருந்து கையிருப்பு மிகக் கொஞ்சம். சிறுநீரகமோ போட்ட ஊசியைச் சில மணி நேரத்தில் வெளியேற்றிவிடும். அதனால் நோயாளியின் சிறுநீரைச் சேகரித்து, அதிலிருந்து பெனிசிலினைப் பிரித்தெடுத்து மறுபடியும் அவருக்கே போட்டார்கள்.

திரும்ப எடுக்கிற வேலை குழாயின் முதல் பகுதியிலேயே வேகமாக நடந்துவிடுகிறது. தண்ணீரிலும் உப்பிலும் மூன்றில் இரண்டு பங்கு, சர்க்கரையும் அமினோ அமிலமும் முழுசாக அங்கேயே உள்ளே போய்விடும். சர்க்கரையைத் தூக்க எஸ்.ஜி.எல்.டி.2 என்று ஒரு புரதம் இருக்கிறது, அதற்கும் ஒரு கொள்ளளவு உண்டு. ரத்தத்தில் சர்க்கரை 180-ஐத் (100 மில்லிக்கு 180 மில்லிகிராம்) தாண்டினால் அத்தனையையும் தூக்க முடியாமல் மிச்சம் சிறுநீரில் போகும். சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தால் சர்க்கரை நோய் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொன்னதற்கு இதுதான் காரணம்.

அடுத்து வருவது ஹென்லே வளைவு. 1862-ல் ஜெர்மனியின் யாக்கோப் ஹென்லே விவரித்தது. குழாய் சிறுநீரகத்தின் ஆழத்துக்குள் இறங்கி, ஒரு ஊசி வளைவு எடுத்து, மறுபடி மேலே ஏறும். எதற்கு இந்தக் கொண்டை வளைவு என்பது ஏறக்குறைய எண்பது வருடம் யாருக்கும் சரியாகப் புரியவில்லை. வெர்னர் கூன் என்ற சுவிட்சர்லாந்துக்காரர், உடலியல் ஆள்கூட இல்லை, வேதியியல்காரர், 1940-களில் இதற்கு விடையைப் பிடித்தார். இறங்குகிற குழாயும் ஏறுகிற குழாயும் பக்கத்து பக்கத்தில் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால், ஏறுகிற பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளுகிற உப்பு சிறுநீரகத்தின் ஆழத்தில் சேர்ந்துகொண்டே போய், அங்கே மட்டும் ரத்தத்தைப்போல நாலு மடங்கு செறிவு உண்டாகிவிடுகிறது. கடைசியில் சிறுநீர் வெளியேறும் வழி அந்த உப்புப் பகுதியின் ஊடாகத்தான் போகிறது. வழியில் தண்ணீருக்கான கதவு திறந்திருந்தால் தண்ணீர் எல்லாம் உள்ளே இழுக்கப்பட்டுச் சிறுநீர் கெட்டியாகும். மூடியிருந்தால் தெளிந்த தண்ணீராகவே போய்விடும்.

கதவைத் திறக்கச் சொல்வது மூளையின் அடியில் இருந்து வருகிற வாசோப்ரெசின் என்கிற ஹார்மோன். ரத்தம் ஒன்றிரண்டு சதவீதம் கெட்டியானாலே மூளை கண்டுபிடித்துவிடும். தாகம் எடுக்கும், இந்த ஹார்மோன் சுரக்கும், சிறுநீர் மஞ்சளாகும். இப்படிப்பட்ட கதவு என்னவென்பதை 1992-ல் பீட்டர் ஆக்ரே என்ற அமெரிக்க விஞ்ஞானி முதன்முதலில் காட்டினார். அக்வாபோரின் என்ற புரதம், தண்ணீர் மட்டும் நுழையக்கூடிய வழி. அதற்கு 2003-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. மது குடித்தால் இந்த ஹார்மோன் அடங்கிப்போகும், அதனால்தான் குடித்தவர்கள் அடிக்கடி எழுந்து போகிறார்கள், காலையில் நாக்கு வறண்டு கிடக்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டால் ஒரே ஆளின் சிறுநீர் ஒரு நாளைக்கு அரை லிட்டராகவும் சுருங்கலாம், பத்து லிட்டருக்கு மேலும் போகலாம். சித்திரை வெயிலில் நாள் முழுக்கக் களையெடுத்துவிட்டு வந்தாலும், கல்யாண வீட்டில் பானகமும் மோருமாகக் குடித்துத் தீர்த்தாலும் ரத்தத்தின் உப்பு அளவு அசைவதில்லை. நாம் அதைப் பற்றி யோசிக்கக்கூட வேண்டியதில்லை. அந்த யோசிக்க வேண்டாத சுதந்திரம் போனால் என்ன ஆகும் என்பதைத்தான் டயாலிசிஸ் வீடுகளில் தினமும் பார்க்கிறோம்.

இப்போது மெஷினுக்கு வருகிறேன். அதைக் குறைத்துச் சொல்லவே மாட்டேன், என் அம்மா உயிரோடு இருப்பது அதனால்தான். 1943-ல், ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த நெதர்லாந்தில், காம்ப்பன் என்ற சின்ன ஊர் மருத்துவமனையில் வில்லெம் கோல்ஃப் என்ற இளம் டாக்டர் நடைமுறையில் பயன்பட்ட முதல் செயற்கைச் சிறுநீரகத்தை உருவாக்கினார். இறைச்சியை அடைத்து விற்கிற செலோஃபேன் உறை, மரச்சட்டத்தில் செய்த ஒரு சுழலும் உருளை, அதற்கடியில் உப்புக்கரைசல் தொட்டி. போர்க்காலத்தில் கையில் கிடைத்தது அதுதான். முதலில் சிகிச்சை எடுத்தவர்களில் அநேகமாக யாரும் பிழைக்கவில்லை. 1945-ல் 67 வயதுப் பெண் ஒருவர் மயக்கத்திலிருந்து கண்விழித்தார். இன்றைய மெஷின்களும் அடிப்படையில் அதையே செய்கின்றன: மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் ரத்தம், மறுபக்கம் கரைசல். யூரியாவும் கிரியாட்டினினும் பொட்டாசியமும் செறிவு அதிகமான ரத்தத்திலிருந்து கரைசலுக்குப் போகும். நாலு மணி நேரத்தில் கிட்டத்தட்ட 120 லிட்டர் கரைசல் ஓடுகிறது.

ஆனால் மெஷினுக்குத் திரும்ப எடுக்கத் தெரியாது. வேண்டியது எது, வேண்டாதது எது என்று அதனிடம் பட்டியல் இல்லை. அதனால்தான் உடலுக்கு வேண்டிய உப்புகளைக் கரைசலிலேயே முன்கூட்டிச் சரியான அளவில் கலந்துவைக்கிறார்கள், ரத்தத்தில் இருப்பது ஓடிப்போய்விடாமல் இருக்க. இன்னொன்று, வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம் என்றால் மொத்தம் 12 மணி. வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. மற்ற 156 மணி நேரமும் குடித்தது, சாப்பிட்டது, உடல் தானே உண்டாக்கிய கழிவு எல்லாம் உள்ளேயே தங்குகிறது. அம்மா ஒவ்வொரு தடவையும் உள்ளே போனதும் முதலில் எடை பார்ப்பார்கள். கூடியிருக்கிற ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர் தண்ணீர். அதை நாலு மணி நேரத்தில் இழுக்கும்போதுதான் பிரஷர் இறங்குகிறது, காலில் தசை பிடிக்கிறது, வீட்டுக்கு வந்தால் மாலைவரை எழுந்திருக்க முடிவதில்லை.

தண்ணீர் அளவுக்குப் பொதுவாகச் சொல்லித்தருகிற கணக்கு, முந்தின நாள் போன சிறுநீரின் அளவோடு அரை லிட்டர். டம்ளர் தண்ணீர் மட்டும் கணக்கில்லை. காபி, ரசம், மோர், கஞ்சி, சாம்பாரில் இருக்கிற நீர் எல்லாம் சேரும். உண்மையில் தண்ணீரைவிட உப்பைக் குறைப்பதுதான் முக்கியம், ஏனென்றால் உப்பு உள்ளே போனால் தாகத்தை அடக்குவது யாராலும் முடியாத காரியம். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் எங்கள் வீட்டை விட்டுப் போய்விட்டன.

பொட்டாசியம்தான் எனக்குப் பயம். இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்: சிறுநீரகம் செயலிழந்தவருக்கு இளநீர் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அன்போடுதான் வாங்கி வருகிறார்கள், தெரியும். "கிட்னிக்கு இளநீர் நல்லது", "வாழைத்தண்டு ஜூஸ் குடிச்சா கிரியாட்டினின் இறங்கும்" என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு இளநீரில் இருக்கிற பொட்டாசியம் ஒரு பொருட்டே இல்லை, சில மணி நேரத்தில் வெளியே தள்ளிவிடும். அந்தத் திறன் போனவருக்கு அது ரத்தத்தில் ஏறி இதயத்துடிப்பையே நிறுத்தலாம். வாழைப்பழம், தக்காளி, கீரை, உருளைக்கிழங்கு, பழச்சாறு எதற்கும் அளவு உண்டு. காய்களைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் எங்கள் வீட்டில் சமையல். ஸ்டார் ஃப்ரூட் அறவே கூடாது, அதில் இருக்கிற ஒரு பொருள் சிறுநீரகம் செயலிழந்தவர்களின் மூளையைத் தாக்கி வலிப்புவரை கொண்டுபோகும். இந்துப்பு போட்டால் கிட்னிக்கு நல்லது என்பதையும் நம்ப வேண்டாம், அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பது இன்னும் ஆபத்து, சோடியத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாக அதில் இருப்பது பொட்டாசியம்.

சரி, ஊசி எதற்கு? எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனுக்காக. ரத்தச் சிவப்பணுக்களை உண்டாக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்கு உத்தரவு போடுவது இதுதான், பெரியவர்களுக்கு இதில் பத்தில் ஒன்பது பங்கு சிறுநீரகத்தில்தான் தயாராகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் முதலில் உணர்ந்து உத்தரவு போடுகிற இடம் சிறுநீரகம் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். இந்த ஹார்மோனைத் தனியாகப் பிரித்தெடுக்கக் கடும் ரத்தசோகை உள்ள ஜப்பானிய நோயாளிகளின் சிறுநீரைத்தான் பயன்படுத்தினார்கள். தகாஜி மியாகே என்ற ஆராய்ச்சியாளர் 2,550 லிட்டர் சிறுநீரைச் சேகரித்துச் செறிவாக்கி அமெரிக்காவுக்கு எடுத்துப்போக, அதிலிருந்து 1977-ல் சில மில்லிகிராம் தூய ஹார்மோன் கிடைத்தது. அந்த வழியில் போய்த்தான் மரபணுவைக் கண்டுபிடித்து, 1989-ல் ஊசியாக அனுமதி வாங்கினார்கள். அதற்கு முன்பெல்லாம் டயாலிசிஸ் நோயாளிகள் அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டுதான் நடமாடினார்கள். இன்று அம்மா தோளில் போட்டுக்கொள்கிற அந்தச் சின்ன ஊசிக்குப் பின்னால் முகம் தெரியாத அத்தனை ஜப்பானியர்கள் இருக்கிறார்கள்.

வைட்டமின் டி-யும் அப்படித்தான். எவ்வளவு வெயிலில் நின்றாலும், அது வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுகிற கடைசிப் படி சிறுநீரகத்தில் நடக்கிறது. அது நின்றால் கால்சியம் குறையும்; சிறுநீரில் வெளியேற வழியில்லாமல் பாஸ்பரஸும் ஏறி, எலும்பு கரையத் தொடங்கும், தோல் அரிக்கும். பாஸ்பரஸுக்கு ஒரு மாத்திரை தருவார்கள், அதைச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் போட வேண்டும், ஏனென்றால் அது சோற்றோடு வருகிற பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்துவைக்கிற மருந்து. வெறும் வயிற்றில் போட்டால் அந்த வேலை நடக்காது. தினமும் உடல் உண்டாக்குகிற அமிலத்தை வெளியேற்றுவதும் சிறுநீரகம்தான், அதற்கு ஒரு சோடா மாத்திரை. ரத்த அழுத்தத்தை நிர்ணயிக்கிற ரெனின் அங்கேதான் சுரக்கிறது, 1898-லேயே ஸ்வீடனில் முயல் சிறுநீரகத்திலிருந்து கண்டுபிடித்துவிட்டார்கள். பிரஷர் ஏறினால் சிறுநீரகம் கெடும், சிறுநீரகம் கெட்டால் பிரஷர் ஏறும், இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும்.

உறவினர்களிடம் இப்போதெல்லாம் இப்படித்தான் சொல்கிறேன்: மெஷின் அழுக்கை எடுக்கிறது, மாத்திரையும் ஊசியும் மற்ற வேலைகளைப் பார்க்கின்றன, திரும்ப எடுக்கிற வேலையைச் சமையலறையில் நாங்கள் பார்க்கிறோம்.

இன்னொருவரின் சிறுநீரகத்தை வைத்தால் இத்தனை வேலையும் ஒட்டுமொத்தமாகத் திரும்பிவிடும் என்பதுதான் மாற்று அறுவையின் அருமை. ரத்தக்குழாய்களை இணைத்து விட்டதும் பல நேரம் அறுவை மேசையிலேயே சிறுநீர் சொட்ட ஆரம்பித்துவிடும். பழையவற்றைப் பெரும்பாலும் எடுப்பதுகூட இல்லை, புதியதை அடிவயிற்றில் ஒரு பக்கமாக வைக்கிறார்கள். 1954-ல் பாஸ்டனில் இரட்டையருக்கிடையே முதலில் வெற்றியடைந்தது, வேலூர் சி.எம்.சி.யில் 1971-ல். தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து உறுப்பு தானம் பெறும் அரசுத் திட்டம் 2008 முதல் நடக்கிறது. பதிவு செய்து காத்திருப்பவர்களுக்கு அந்த முடிவை எடுக்கிற குடும்பங்கள்தான் எல்லாம்.

கீழ்ப்பகுதியையும் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் தானாக வழிந்து இறங்குவதில்லை. 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய் அலை அலையாகச் சுருங்கித் தள்ளிக்கொண்டு போகிறது, அதனால்தான் படுத்திருந்தாலும் சிறுநீர்ப்பை நிறைகிறது. கல் வந்து மாட்டிக்கொள்வது இந்தக் குழாயில்தான். அடைப்பைத் தள்ளப் பார்த்துக் குழாய் இறுகும்போது வருகிற வலி, பிரசவ வலிக்குச் சமம் என்று இரண்டையும் பட்டவர்கள் சொல்கிறார்கள். சிறுநீர்ப்பை 400, 500 மில்லி பிடிக்கும். 150, 200-லேயே லேசாக உணர்வு வரும், இப்போது வேண்டாம் என்று மூளை தள்ளிப்போடும். பெண்களுக்கு வெளியேறும் வழி 4 சென்டிமீட்டர்தான், ஆண்களுக்கு 20 சென்டிமீட்டர் பக்கம், அதனால் கிருமி ஏறுவது பெண்களுக்கு எளிது. நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி போவதுதான் அதற்கு முதல் பாதுகாப்பு. ஆனால் பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் பாட்டிலைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவருகிற பெண் பிள்ளைகளையும், துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண்களையும் நமக்குத் தெரியும். 2021-ல் தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. அவசரத்துக்குப் போக நல்ல கழிப்பறையும், போய்வர நேரமும் அதே அளவுக்கு அடிப்படையான உரிமை என்று நான் நினைக்கிறேன்.

கல்லுக்கு வலி உண்டு, நீர்க்கடுப்புக்கு எரிச்சல் உண்டு. சர்க்கரையாலும் பிரஷராலும் சிறுநீரகம் கெடும்போது மட்டும் வலியே கிடையாது. நெஃப்ரான்கள் பிறப்பதற்கு முன்பே, கர்ப்பத்தின் 36-வது வாரம் வாக்கில் உருவாகி முடிந்துவிடுகின்றன. அதற்கப்புறம் ஒன்றுகூடப் புதிதாக வராது. சில லட்சம் போனால் மற்றவை கூடுதல் அழுத்தத்தில் கூடுதலாக வடிகட்டி ஈடுகட்டும். அந்தக் கூடுதல் உழைப்பே அவற்றையும் சீக்கிரம் கெடுக்கும். இத்தனையும் நடக்கும்போது ஆள் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகச் சிறுநீர் கழித்து, வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். "யூரின் நல்லாப் போகுதே, கிட்னிக்கு என்ன?" என்பதில் அர்த்தமே இல்லை. திரும்ப எடுக்கிற வேலை கெட்டால் தொடக்கத்தில் சிறுநீர் கூடத்தான் போகும், ராத்திரி இரண்டு மூன்று தடவை எழ வைக்கும்.

கிரியாட்டினினை மட்டும் நம்புவதிலும் இதே சிக்கல். வேலைத்திறனில் பாதி போகிறவரைக்கும் அது லேப் ரிப்போர்ட்டில் நார்மல் என்று காட்டிக்கொண்டே இருக்கலாம். 1-லிருந்து 2 ஆனால் பாதி போய்விட்டது என்று அர்த்தம். அது தசையிலிருந்து வருவது வேறு, அதனால் ஒல்லியான வயதான அம்மாவுக்கு 1.2 என்பதும் உடற்பயிற்சி செய்கிற இளைஞனுக்கு 1.2 என்பதும் ஒன்றில்லை. வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிட்ட இ-ஜி.எஃப்.ஆர். எண்ணைப் பாருங்கள் (சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லி வடிகட்டுகிறது என்கிற மதிப்பீடு), 60-க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தால் நெஃப்ராலஜி டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

அதற்கும் முன்னால் எச்சரிக்கிற ஒரு சோதனை இருக்கிறது, நான் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். அந்த ரத்தநாளக் கொத்து சேதமாகத் தொடங்கியதும் உள்ளேயே நிற்க வேண்டிய ஆல்புமின் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். கிரியாட்டினின் ஏறுவதற்குப் பல வருடம் முன்பே சிறுநீரில் இது தெரிந்துவிடும். அம்மா பல வருடம் சர்க்கரைக்கு மாத்திரை வாங்கிக்கொண்டிருந்த இடத்தில் ஒருமுறைகூட இந்தச் சோதனையை எழுதிக்கொடுக்கவில்லை. காலில் வீக்கம் வந்து வேறு இடத்தில் பார்த்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது. இப்போது நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே சிறுநீரில் புரதம் பார்க்கிறார்கள், கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

தெரிந்தால் செய்வதற்கு இன்று நிறைய இருக்கிறது. ரெனின் தொடரை அடக்குகிற பிரஷர் மாத்திரைகள் அந்தக் கொத்துக்குள் இருக்கிற அழுத்தத்தைக் குறைத்துக் கசிவைக் கட்டுப்படுத்தும். அந்த மருந்துகளில் ஒரு வகை பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தை ஆராய்ந்ததில் பிறந்தது. மேலே சொன்ன எஸ்.ஜி.எல்.டி.2 புரதத்தைத் தடுத்துச் சர்க்கரையைச் சிறுநீரில் விட்டுவிடுகிற டாபாகிளிஃப்ளோசின் மாதிரி மருந்துகள் இன்னொரு வகை. அதற்கு மூலமாக இருந்தது ஆப்பிள் மரத்து வேர்ப்பட்டையிலிருந்து 1835-ல் எடுத்த ஒரு கசப்புப் பொருள். சர்க்கரை நோய்க்கென்று வந்த மருந்து, சர்க்கரை இல்லாதவர்களுக்கும் சிறுநீரகம் கெடுவதைத் தாமதப்படுத்துகிறது என்பது 2020-ல் வெளியான ஆய்வில் தெளிவானது. இந்தியாவில் காப்புரிமை முடிந்து பல கம்பெனிகள் தயாரிக்கத் தொடங்கியதால் விலையும் இறங்கிவிட்டது. அம்மாவுக்கு இது பத்து வருடம் முன்பே கிடைத்திருக்கலாமே என்று நினைக்காத நாளில்லை.

மருந்துக்கடையில் தாமாக வாங்கிப் போடுகிற வலி மாத்திரைகளை விட்டுவிடுங்கள். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை. சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழைகிற குழாயை விரித்து வைத்திருக்கிற பொருளையே அவை தடுக்கின்றன. நன்றாக இருப்பவருக்கு எப்போதோ ஒன்று போட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. வெயிலில் வியர்த்து உடல் வற்றியிருக்கும்போது, அல்லது பேதி ஆகிக்கொண்டிருக்கும்போது, கூடவே பிரஷர் மாத்திரையும் நீர் பிரிய மாத்திரையும் ஓடிக்கொண்டிருந்தால், இரண்டு நாளில் சிறுநீரகம் நின்றுபோகலாம். உப்பளத்திலும் செங்கல் சூளையிலும் கரும்புக் காட்டிலும் வேலை செய்து, மூட்டுவலிக்குத் தினமும் ஒன்று போட்டுக்கொண்டு, கழிப்பறை இல்லாததால் தண்ணீரும் குடிக்காமல் இருப்பவர்களுக்கு இத்தனையும் ஒன்றாகச் சேர்கிறது.

ஆல்புமின் கசிவைப் பார்க்கிற சோதனை என்று மேலே சொன்னேனே, அதற்கு லேபில் யூரின் ஏ.சி.ஆர். என்று கேளுங்கள், ஆல்புமினையும் கிரியாட்டினினையும் ஒப்பிட்டுப் பார்க்கிற சோதனை. சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள், குடும்பத்தில் கிட்னி நோய் இருந்தவர்கள் வருடத்துக்கு ஒருமுறை, கூடவே ரத்தத்தில் கிரியாட்டினினும் இ-ஜி.எஃப்.ஆரும். காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீர்தான் நல்லது, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். ஏ.சி.ஆர். 30-க்குக் கீழே (ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராம் ஆல்புமின்) இருக்க வேண்டும். காய்ச்சல், நீர்க்கடுப்பு, மாதவிடாய் இருக்கிற நாளில் எடுத்தால் கூட்டிக் காட்டும், முந்தின நாள் கடுமையான உடற்பயிற்சி செய்திருந்தாலும் அப்படித்தான், அதனால் வேறு நாள் கொடுங்கள். கூடுதலாக வந்தால் பதறாமல் மூன்று மாதத்துக்குள் இன்னும் ஓரிரு முறை எடுத்துப் பாருங்கள், மறுபடியும் கூடுதலாகவே இருந்தால் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், கால் வீங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.